சிட்ரிக் அமிலக் கரைசல் இரண்டாவது போர்டில் நின்றுவிடுகிறது, ஏன்?

கேள்வி:
வீட்டிலேயே மின்சுற்றுப் பலகை (PCB) செய்கிறேன்; வேண்டாத செம்பைக் கரைசலில் அரித்து எடுக்க வேண்டும். ஒருபக்க காப்பர் போர்டு, 7×10 செ.மீ., செம்பின் தடிமன் 35 மைக்ரான். கரைசல்: 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 100 மி.லி., சிட்ரிக் அமிலம் 30 கிராம், உப்பு 5 கிராம். முதல் போர்டு சுத்தமாக அரிக்கிறது. மறுநாள் அதே கரைசலில் போட்டால் குமிழியே இல்லை, செம்பு அப்படியே நிற்கிறது. உப்பைக் கூட்டலாமா? மெல்லிய ட்ராக்குகள் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகள்) அறுந்தும் போகின்றன.

பதில் 1:
தீர்ந்தது உப்பு இல்லை, பெராக்சைடு. செம்பை ஆக்சிஜனேற்றம் செய்வது அதுதான். சிட்ரிக் அமிலம் கரைந்த செம்பைக் கரைசலிலேயே பிடித்துவைக்கிறது, உப்பு வேகம் தருகிறது, அவ்வளவே. செம்பு கரைந்த திரவத்தில் மிச்சமிருக்கும் பெராக்சைடும் தானாகச் சிதைந்து ஆக்சிஜனாகப் போய்விடும். எனவே போர்டுக்குப் போர்டு புதிதாகக் கலக்கவும். மிச்சத்தை பாட்டிலில் அடைத்து இறுக்கி மூடவே கூடாது, வாயு அழுத்தத்தில் வெடிக்கும்.

கரைசல் உள்ள தட்டை 40 டிகிரி வெந்நீரில் வைத்து ஆட்டிக்கொண்டே இருங்கள். அதற்கு மேல் சூடானால் பெராக்சைடு வீணாகும்.

பதில் 2:
நிறைய போர்டு போடுபவர்களுக்கு காப்பர் குளோரைடு அரிப்புக் கரைசல்தான் சரி. 3% பெராக்சைடு 2 பங்கு, அதில் 30% ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 பங்கு மெதுவாக. அமிலம்தான் கடைசியில். திறந்தவெளி, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். உலோகத் தட்டு ஆகாது. அருகிலுள்ள இரும்புக் கருவிகள்கூட ஆவியில் துருப்பிடிக்கும். தெளிந்த பச்சையாக இருந்தால் கரைசல் நலம். பழுப்பேறினால் மீன்தொட்டிப் பம்பால் காற்று ஊதுங்கள், பச்சை திரும்பும். அவசரப்பட்டு பெராக்சைடை அள்ளி ஊற்றினால் குளோரின் வாயு வரும். ப்ளீச்சிங் பொருள் எதுவும் பக்கத்திலேயே வேண்டாம்.

பதில் 3:
ட்ராக் அறுவது வேறு கதை. கரைசல் கீழ்நோக்கி மட்டுமல்ல, டோனருக்கு (செம்பை மறைத்துக் காக்கும் லேசர் பிரிண்டர் மை) அடியில் பக்கவாட்டிலும் அரிக்கும். போர்டின் ஓரத்தில் செம்பு முதலில் போய்விடும், நடுவில் நிற்கும். நடுப்பகுதி முடியும்வரை காத்திருக்கும்போது ஓர ட்ராக்குகள் தேய்கின்றன. காலியிடங்களைக் கிரவுண்ட் (சுற்றின் பொது இணைப்பு) செம்பாக நிரப்பி வரையுங்கள், அரிக்க வேண்டிய பரப்பே குறையும். ட்ராக் 0.4 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி.

டோனர் ஒட்டும் முன் போர்டைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவ வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் விரல் எண்ணெய் இருக்கிறது. அங்கே டோனர் பிடிக்காது.

பதில் 4:
கழிவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கரைந்த செம்பு மீன்களுக்கு நஞ்சு. காப்பர் குளோரைடில் சலவை சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டால் நுரைத்து, செம்பு நீலப்பச்சைச் சேறாகப் படியும். சிட்ரிக் கரைசலில் இது சரிவராது, சிட்ரேட் செம்பை விடாது. அதில் இரும்பு நாரைப் போட்டு, மூடாமல் வையுங்கள்: நீலம் வெளிற வெளிற, செந்நிறச் செம்புத் தூள் அடியில் சேரும். தூள், சேறு, மேலே தெளிந்த நீர் மூன்றும் அபாயக் கழிவு சேகரிப்புக்குத்தான் போக வேண்டும்.