தினமும் சிக்கன் அண்ட் சிப்ஸ், உடம்பு தாங்குமா?

புதுசா வந்தவன்: லண்டன்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன். வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு முக்குல இருக்கற சிக்கன் கடை மட்டும்தான் திறந்திருக்கு. தினமும் அங்க பொரிச்ச கோழியும் சிப்ஸும்தான் (நீளமா வெட்டிப் பொரிச்ச உருளைக்கிழங்கு) சாப்பாடு. இப்ப மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், எப்பவும் அசதி. அம்மா போன்ல அழறாங்க. இதுல சத்து இருக்கா இல்லையா? ப்ளீஸ், யாராவது சொல்லுங்க.

மதுரைக்காரன்: நான் வந்த புதுசுல வெறும் பிரெட்டும் ஜாமும்தான் தம்பி. குளிர்ல நடந்தே வேலைக்குப் போவேன். உனக்குக் கோழியாவது கிடைக்குது. புரோட்டீன் இருக்கு, பயப்படாத.

டூட்டிங் அண்ணா: புரோட்டீன் மட்டும் போதுமா? பொரிச்ச கோழி 100 கிராம்ல சுமார் 250 கலோரி, சிப்ஸும் ஏறக்குறைய அவ்வளவுதான். ரெண்டு துண்டும் ஒரு பெட்டி சிப்ஸும் சேர்ந்தா 1000-ஐ எட்டிரும். உப்பு ஒரு நாளைக்கு 6 கிராமுக்கு மேல கூடாதுங்கறாங்க, அதுல பெரும்பங்கு இதுலயே போயிடும். நார்ச்சத்து 30 கிராம் வேணும், இந்தப் பெட்டியில கொஞ்சம்தான். மலச்சிக்கல் வராம என்ன செய்யும்? கலோரி எழுதி வைக்கணும்ங்கற 2022 சட்டம் 250 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற நிறுவனத்துக்குத்தான். முக்குக் கடையில போர்டு இருக்காது.

வெம்ப்ளி: ரூமுக்கே பாதிச் சம்பளம் போகுது, ஒரு கத்தரிக்காய் வாங்கவே யோசிக்கணும். சத்தைப் பத்தி யார் பேசறது? இந்த ஊர்ல ஏழைக்குப் பொரிச்சதுதான் மலிவு.

மதுரைக்காரன்: அதைச் சொல்லுங்க. ஹவுஸ் ஓனருங்க வேற தாளிக்கவே விடறதில்லை.

ஈஸ்ட்ஹாம் அக்கா: தம்பி, அடுப்பு இருக்கா? வீட்டுல யாருக்காவது சுகர் உண்டா? அதை நீ சொல்லவே இல்லையே.

புதுசா வந்தவன்: அப்பாவுக்கு சுகர் அக்கா. அடுப்பு இருக்கு, ஆனா வாசனை வரக்கூடாதாம்.

ஈஸ்ட்ஹாம் அக்கா: அப்ப முதல் வேலையா ஜிபி (உன் ஏரியா பொது மருத்துவர்) கிட்ட பதிவு பண்ணு. காசு இல்லை, அட்ரஸ் புரூஃபும் கட்டாயமில்லை. அசதியையும் அப்பா சுகரையும் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளு. நம்ம ஆளுங்களுக்கு ஒல்லியா இருந்தாலும் சுகர் வரும். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினா உடனே அவசர எண் 999-க்கு போன் பண்ணு, மத்தபடி சந்தேகம்னா மருத்துவ ஆலோசனை எண் 111. சின்ன ரைஸ் குக்கர் ஒண்ணு வாங்கு. அரிசி, மைசூர் பருப்பு, ஃப்ரோஸன் கீரை, மஞ்சள், உப்பு, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா தாளிக்காமலே பருப்புச்சாதம். ஃப்ரோஸன்ல சத்து பெருசா குறையாது, விலையும் குறைவு. லீவு நாள்ல செஞ்சு, சீக்கிரம் ஆறவிட்டு, டப்பாவுல போட்டு ஃப்ரீஸர்ல வை. சோறு வெளியில கிடக்கக் கூடாது. கடைக்குப் போற அன்னிக்கு கிரில் சிக்கன் இருந்தா அதை வாங்கு, சிப்ஸை விடு.