சிறுவர் ஒலிநூலில் காசிமேட்டுப் பையன் எப்படிப் பேச வேண்டும்?

தண்டையார்பேட்டை வாசகி:
ஏழு வயது மகளுக்காக ஓர் ஒலிநூல் வாங்கினேன். மயிலாப்பூர்ச் சிறுமி, சௌகார்பேட்டை மார்வாடிச் சிறுவன், காசிமேட்டு மீனவர் வீட்டுப் பையன் ஆகிய மூவரின் நட்பைச் சொல்லும் கதை, எழுத்தில் குறையில்லை. ஆனால் அதை வாசித்தவர், காசிமேட்டுப் பையன் வாய் திறக்கும்போதெல்லாம் குரலைக் கரகரப்பாக்கி, சினிமா அடியாளைப் போல இழுத்து இழுத்துப் பேசினார். மார்வாடிச் சிறுவனுக்கோ 'நம்பள்கி, நிம்பள்கி' என்ற அரதப்பழைய கேலித் தமிழ். பாதிக் கதையில் என் மகள், "அம்மா, இவன் கெட்டவனா?" என்று கேட்டாள். கதையிலேயே நல்ல பிள்ளை அவன்தான். இத்தகைய நூல்களை ஒரே பொதுத் தமிழில் வாசிப்பதே முறை என்பது என் கருத்து.

கொருக்குப்பேட்டைக்காரன்:
கோபம் நியாயமானது, தீர்வு தவறானது. பொதுத் தமிழ் என்பது யார் வீட்டுத் தமிழ், அம்மா? அச்சுப் புத்தகத்தில் படம் செய்யும் வேலையை ஒலிநூலில் குரல்தான் செய்தாக வேண்டும். மூவரும் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் பேசினால், யார் பேசுகிறார் என்பதே குழந்தைக்குப் பிடிபடாது. அதோடு, நம் வடசென்னைப் பேச்சிலேயே பல சமூகங்கள் கலந்திருக்கின்றன. அப்பாவை அழைக்கும் 'நைனா' தெலுங்கிலிருந்தும், அலுப்பைச் சொல்லும் 'பேஜார்' உருதுவிலிருந்தும் வந்தவை. பல பண்பாடுகளைக் காட்டுவதாகச் சொல்லும் நூலில் இந்தப் பேச்சை மட்டும் வெளியே நிறுத்துவது எந்த வகையில் சரி?

தண்டையார்பேட்டை வாசகி:
சொற்களை நீக்கும்படி நான் கேட்கவில்லை, ஐயா. 'நைனா' இருக்கட்டும். அதை உச்சரிக்கும்போது வாசிப்பவர் மனத்துக்குள் சிரித்துக்கொள்வது காதில் விழுகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

வியாசர்பாடிப் பாட்டி:
1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம் எங்களுடையது. அந்நாளைய அண்டைவீட்டு பர்மியப் பெண்ணைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு அடிக்கடி கதை சொல்வேன். அவள் பேச்சுக்காக மூக்கால் பேசிக் காட்டியதில்லை, வேகத்தைத்தான் மாற்றுவேன். நூடுல்ஸில் வெங்காயமும் புளித்தண்ணீரும் விட்டுக் கையாலேயே பிசைந்து அத்தோ என்ற பர்மிய உணவைக் கலக்கியபடி அவள் பேசுவதால், இரண்டு சொல்லுக்கு ஒரு நிறுத்தம், பிறகு அடுத்த சொல். "பாட்டி, இப்போது அந்த அத்தைதானே பேசுகிறாள்?" என்று பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். நிறுத்தமும் மூச்சும் செய்யும் வேலையைக் கரகரப்பு செய்வதில்லை. (இக்கால ஒலிநூல்கள் பின்னணி இசையை நிரப்பி அந்த நிறுத்தத்தையும் விழுங்கிவிடுகின்றன என்பது என் தனிப் புலம்பல்.)

கொருக்குப்பேட்டைக்காரன்:
பாட்டி சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் அந்தப் பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்தவருக்கே அந்த நிறுத்தம் கைவரும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு நாளில் அதைக் கற்றுக்கொள்ள இயலாது. ஆகவே காசிமேட்டுக்காரர் ஒருவரையே வாசிக்கச் சொல்ல வேண்டும். பதிப்பகத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயர்களையும் உரிமத்தையும் குறிப்பிட்டுவிட்டு நாமே கைப்பேசியில் பதிவு செய்யலாம்.

தண்டையார்பேட்டை வாசகி:
காசிமேட்டுப் பையனின் பேச்சை மட்டும் அவருக்குக் கொடுத்துவிட்டுக் கதை முழுவதையும் வேறொருவர் வாசிப்பதென்றால் எனக்குச் சம்மதமில்லை. முழு நூலையும் அவரே வாசிக்கட்டும், மயிலாப்பூர்ச் சிறுமி உட்பட.

கொருக்குப்பேட்டைக்காரன்:
தாராளமாக வாசிக்கட்டும். அந்தச் சிறுமியை அவர் கேலி செய்யாமல் இருக்கிறாரா என்று உங்கள் மகளையே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.