எக்ஸ்டர்னல் வால்யூமில் கேஷ் மோடு எனேபிள் செய்தபின் 40 நிமிடத்தில் எல்லாமே படுத்துவிடுகிறது

நைட்ஷிஃப்ட்:
எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் ஹிட்டாச்சி வி.எஸ்.பி. (பெரிய ஸ்டோரேஜ் பெட்டி) இருக்கிறது, 128 ஜிபி கேஷ் (டிஸ்க்குக்கு முன்னால் இருக்கும் வேகமான மெமரி). பின்னால் பழைய ஸ்டோரேஜ் ஒன்றை யுனிவர்சல் வால்யூம் மேனேஜர் (வேறு பெட்டியின் டிஸ்க்கை வி.எஸ்.பி.யின் வால்யூம்போலக் காட்டும் வசதி) வழியாகக் கோத்திருக்கிறோம்: 7,200 ஆர்.பி.எம். சாட்டா டிஸ்க் 24, ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் அமைப்பு). பில்லிங் டேட்டாபேஸ் அந்த எக்ஸ்டர்னல் வால்யூம்களில்தான் ஓடுகிறது. இரவு பேட்ச் (மொத்தமாக ஓடும் பில்லிங் வேலை) நொடிக்குச் சுமார் 3,000 ரைட் அனுப்பும், ஒவ்வொன்றும் 8 கேபி.

போன வாரம் வரை கேஷ் மோடு டிசேபிளில் இருந்தது, அதாவது பின்னால் உள்ள டிஸ்க்கில் எழுதிய பிறகுதான் சர்வருக்கு ‘முடிந்தது’ என்று பதில் போகும். பேட்ச் விடியும் வரை இழுத்ததால், கேஷில் விழுந்ததுமே பதில் போகும்படி எனேபிள் செய்தேன். 11 மணிக்குப் பேட்ச் தொடங்கியது. ரெஸ்பான்ஸ் டைம் 1 மில்லிசெகண்டுக்கு வந்ததைப் பார்த்து நிம்மதியானேன். ஆனால் ரைட் பெண்டிங் (டிஸ்க்கில் இறங்கக் கேஷில் காத்திருக்கும் டேட்டா) 22, 41, 58 என்று ஏறிக்கொண்டே போய் 11.40க்கு 70 சதவீதத்தைத் தொட்டது. உடனே எஸ்.எஸ்.டி.யில் இருக்கும் மெயில் சர்வரின் வால்யூமும் 80 மில்லிசெகண்டுக்குப் போய்விட்டது. அதற்கும் பில்லிங்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கேஷைக் கூட்டச் சொல்லி மேலே எழுதலாமா?

ஃபைபர்கை:
எக்ஸ்டர்னல் பாத்தின் கியூ டெப்த் (பின்பெட்டிக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் கட்டளைகளின் எண்ணிக்கை) எவ்வளவு? எங்களுடையது 8இல் இருந்தது, 32 ஆக்கியதும் நன்றாக முன்னேறியது.

பழையபெட்டி:
கியூ டெப்த் இங்கே உதவாது தம்பி. பின்னால் டிஸ்க் சும்மா இருந்தால்தான் அதைக் கூட்டிப் பயன். இவருடைய டிஸ்க்குகள் ஏற்கெனவே மூச்சுத் திணறுகின்றன.

நைட்ஷிஃப்ட், கேஷ் கேட்டு எழுத வேண்டாம். இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு சாட்டா டிஸ்க் ரேண்டமாக நொடிக்கு 75 ஐ.ஓ. (ரீட் அல்லது ரைட்) கொடுக்கும் என்று வைத்தால் 24 டிஸ்க்குக்கு 1,800. ரெய்டு 6இல் சின்ன ரைட் ஒன்றுக்கு 6 ஐ.ஓ. செலவாகும். மிஞ்சுவது நொடிக்கு 300 ரைட், அதாவது 2.4 எம்பி. உள்ளே வருவது 24 எம்பி. நொடிக்கு 21.6 எம்பி தேங்குகிறது. ரைட் டேட்டாவுக்குக் கேஷில் இரண்டு நகல் இருக்கும் என்பதால் 128 ஜிபியில் ரைட்டுக்குக் கிடைப்பது 64. அதில் 70 சதவீதம், சுமார் 45 ஜிபி. நிரம்ப 35 நிமிடம். நீங்கள் பார்த்தது 40. பக்கத்துப் பக்கத்து ரைட்டுகளைச் சேர்த்து எழுதுவதால் கொஞ்சம் தாமதமாகியிருக்கும். கேஷை இரண்டு மடங்காக்கினால் இந்த நிலைமை 12.20க்கு வரும், அவ்வளவுதான்.

மெயில் சர்வர் அடிவாங்கியதற்குக் காரணம், எல்லா வால்யூமும் ஒரே சி.எல்.பி.ஆர்.0வில் (கேஷைப் பிரித்துவைக்கும் பார்டிஷன்களில் ஒன்று) இருப்பது. 70ஐத் தொட்டதும் அந்தப் பார்டிஷனில் உள்ள எல்லோருடைய ரைட்டையும் பெட்டி பிடித்து நிறுத்தும், எஸ்.எஸ்.டி., சாட்டா என்று பார்க்காது. எக்ஸ்டர்னல் வால்யூம் குரூப்பைத் தனி சி.எல்.பி.ஆருக்கு மாற்றுங்கள், லோடு குறைந்த நேரத்தில்.

கேஷ் மோடை டிசேபிளுக்கே திருப்பிவிடுங்கள். எனேபிளில் இருந்தால், எழுதி முடித்தாயிற்று என்று டேட்டாபேஸ் நம்பும் டேட்டா வி.எஸ்.பி.யின் கேஷில் மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் பின்பெட்டி போனால் 45 ஜிபி பில்லிங் டேட்டா இறங்க இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும். இதை நான் ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். மெயின்டனன்ஸுக்காகப் பின்பெட்டியை அணைத்தார்கள், டிஸ்கனெக்ட் கொடுக்காமலே. டிஸ்கனெக்ட் கொடுத்தால் கேஷில் உள்ளது முதலில் கீழே எழுதப்படும். அது முடிந்த பிறகுதான் பவரைத் தொட வேண்டும். அன்று டேட்டாவை மீட்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

நைட்ஷிஃப்ட்:
அண்ணா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். டிசேபிள் செய்துவிட்டால் ரைட் கேஷில் தேங்காதே, அப்புறம் தனி சி.எல்.பி.ஆர். எதற்கு?

பழையபெட்டி:
டிசேபிள் என்பது ஹோஸ்ட் (சர்வர்) எழுதுவதற்கு மட்டும். ஷேடோஇமேஜ் (பெட்டிக்குள்ளேயே வால்யூமை நகலெடுக்கும் வசதி) போன்ற காப்பி அந்த வால்யூமில் எழுதினால், மோடு எதுவாக இருந்தாலும் கேஷில் விழுந்து பிறகுதான் கீழே போகும். இரவில் காப்பி ஏதாவது ஓடுகிறதா?

நைட்ஷிஃப்ட்:
ஓடுகிறது, 2 மணிக்கு! தினமும் 2 மணிக்கு மேல் மெயில் கொஞ்சம் இழுப்பதற்குக் காரணம் தேடி ஆறு மாதமாக நெட்வொர்க்கைக் குடைந்துகொண்டிருந்தோம்.

நேற்று இரவு பேட்சுக்கு முன்பே சி.எல்.பி.ஆர். பிரித்து, கேஷ் மோடை டிசேபிள் செய்தேன். பேட்ச் பழையபடி காலை 4.20க்குத்தான் முடிந்தது. ஆனால் மெயில் இரவு முழுக்க 2 மில்லிசெகண்டைத் தாண்டவில்லை, காப்பி ஓடியபோதும். பில்லிங் வால்யூம்களைச் சனிக்கிழமை இரவு உள் டிஸ்க்குக்கு மைக்ரேட் செய்ய அனுமதி கேட்டிருக்கிறேன். உங்கள் கணக்கை அப்படியே மெயிலில் போட்டுத்தான் கேட்டேன்.