பைகேம்: மலை ரயில் விளையாட்டில் பிரேக் தானாகவே பாதி பிடித்துக்கொள்கிறது

ரன்னிமீடு கேட்டது:

வணக்கம். குன்னூரிலிருந்து எழுதுகிறேன். நம் நீலகிரி மலை ரயிலை வைத்து பைகேம் 2-இல் (பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் தொகுப்பு) ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான பல்சக்கரப் பாதை மட்டும்தான். அந்த ஏற்றத்தில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. முதல் பெட்டியின் முன்மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன் பார்த்துக் கொடி காட்டுவார், அதை நம்பித்தான் வண்டி ஏறும். இந்த நம்பிக்கைதான் ஆட்டமே. இரண்டு பேர், இரண்டு கன்ட்ரோலர். ஒருவர் டிரைவர், மற்றவர் பிரேக்ஸ்மேன். கோடை விடுமுறைக்கு வரும் அக்கா பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

லேப்டாப்பில் உபுண்டு. கன்ட்ரோலர்களில் ஒன்று எக்ஸ்பாக்ஸ் 360 மாதிரி, வயர் வைத்தது. இன்னொன்று மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் வாங்கியது, பெயர் எதுவும் இல்லை. சிக்கல் இவைதான்:

ஆட்டம் தொடங்கியதும் வண்டி நகர மறுக்கிறது. பிரேக்கை வலது ட்ரிகரில் (ஆள்காட்டி விரலால் அழுத்தும் விசை) வைத்திருக்கிறேன். அது -1 முதல் 1 வரை கொடுக்கும் என்பதால் ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுக்கிறேன். யாரும் தொடாமலே 0.5 வருகிறது. ட்ரிகரை ஒருமுறை அழுத்தி விட்டால் அதற்குப் பிறகு எல்லாம் சரியாக இருக்கிறது.

இடது ஸ்டிக் ரெகுலேட்டர், அதாவது இன்ஜினுக்குப் போகும் நீராவியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி. கையை எடுத்த பிறகும் வண்டி மெல்ல ஊர்கிறது.

மூன்றாவது, பிள்ளைகள் வயரை இழுத்துவிட்டு மறுபடி செருகினால் புரோகிராம் நின்றுவிடுகிறது. லிஸ்டில் அந்த இடம் இல்லை என்று பிழை வருகிறது.

வெலிங்டன்பக்கம்:

ஊர்வதற்கு டெட் சோன் போடுங்கள். கூட்டலோ கழித்தலோ, அளவு 0.15-க்குக் கீழே வந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், போதும். எந்த ஸ்டிக்கும் நடுவில் சரியாக 0-இல் நிற்காது, புதிதாக வாங்கியதுகூட.

மலைப்பாதை:

தம்பி, நல்ல வேலை செய்கிறீர்கள். வண்டி ஊருக்குள் வரும் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் பிரேக். உங்கள் கணக்கில் தப்பு இல்லை. ஒரு ஆக்சிஸ் (ஸ்டிக்கோ ட்ரிகரோ ஒரு திசையில் எவ்வளவு நகர்ந்தது என்ற அளவு) அசையும்வரை அதன் உண்மையான நிலை புரோகிராமுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாதபோது, அந்த அளவைப் படிக்கும் கெட்_ஆக்சிஸ் 0 என்று சொல்லிவிடும். ஸ்டிக்குக்கு 0 என்றால் நடு, அதில் பாதகமில்லை. ட்ரிகருக்கு 0 என்றால் பாதி அழுத்தம். அதனால்தான் உங்கள் வண்டி பாதி பிரேக்கோடு கல்லாறில் நிற்கிறது. ஒவ்வொரு ட்ரிகருக்கும் 'அசைந்ததா' என்று ஒரு வேரியபிள் வையுங்கள், தொடக்கத்தில் பொய். அந்த ஆக்சிஸிலிருந்து முதல் ஜாய்ஆக்சிஸ்மோஷன் ஈவென்ட் (அசைந்தது என்ற அறிவிப்பு) வந்ததும் மெய் ஆக்குங்கள். அதுவரை பிரேக் 0 என்றே கொள்ளுங்கள். 'ட்ரிகரை ஒருமுறை அழுத்திவிட்டுத் தொடங்கவும்' என்று திரையில் எழுதிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. புரோகிராம் செய்ய வேண்டிய வேலையைக் குழந்தையின் தலையில் கட்டக் கூடாது.

டெட் சோன் பற்றி மேலே சொன்னது சரிதான், ஆனால் அதோடு நிறுத்தினால் 0.15-ஐத் தாண்டியதும் வண்டி வெடுக்கென்று இழுக்கும். தாண்டிய பிறகு அந்த அளவிலிருந்து 0.15-ஐக் கழித்து 0.85-ஆல் வகுத்துவிடுங்கள். அப்போது வேகம் பூஜ்யத்திலிருந்து வழுவழுப்பாக ஏறும். ஸ்டிக்கை மேலே தள்ளினால் மதிப்பு கழித்தலில் வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இன்னொன்று. ஸ்டிக்கை விட்டால் அது நடுவுக்குத் திரும்பிவிடும். ரெகுலேட்டர் வைத்த இடத்தில் நிற்கும். அதனால் ஸ்டிக்கின் மதிப்பையே நீராவி அளவாக எடுக்காதீர்கள். மேலே தள்ளிக்கொண்டிருந்தால் ரெகுலேட்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கட்டும், கீழே இழுத்தால் மூடட்டும், விட்டால் அப்படியே இருக்கட்டும். ஃப்ரேமுக்கு எடுத்த நேரத்தால் பெருக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் வேகமான லேப்டாப்பில் ஒரு மாதிரியும் பழையதில் ஒரு மாதிரியும் ஓடும்.

புரோகிராம் நிற்பதற்குக் காரணம் இன்ஸ்டன்ஸ்_ஐடியை (ஒவ்வொரு முறை செருகும்போதும் கன்ட்ரோலருக்குக் கிடைக்கும் எண்) லிஸ்டின் இட எண்ணாக வைத்திருப்பதாகத்தான் இருக்கும். வயரைப் பிடுங்கிச் செருகினால் அதே கன்ட்ரோலருக்குப் பழைய எண் கிடைக்காது. இருந்தவை 0, 1 என்றால் திரும்பி வருவது 2. லிஸ்டை விட்டுவிட்டு டிக்‌ஷனரிக்கு மாறுங்கள். கன்ட்ரோலர் செருகப்பட்டதைச் சொல்லும் ஜாய்டிவைஸ்ஆடெட் ஈவென்ட் வரும்போது அதிலுள்ள டிவைஸ்_இன்டெக்ஸை வைத்து ஜாய்ஸ்டிக்கை உருவாக்கி, அதன் இன்ஸ்டன்ஸ் ஐடியைச் சாவியாக வைத்துச் சேமியுங்கள். ஜாய்டிவைஸ்ரிமூவ்ட் வந்தால் அந்தச் சாவியை நீக்கி, ஆட்டத்தை நிறுத்திவைத்து, யாருடைய கன்ட்ரோலர் போனது என்று காட்டுங்கள். திரும்பிச் செருகியதும் காலியாக இருக்கும் இடத்தில் அதை உட்கார வையுங்கள். உருவாக்கிய ஜாய்ஸ்டிக்கை எங்காவது பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். ஒரு ஃபங்ஷனுக்குள் செய்து அப்படியே விட்டுவிட்டால் பைத்தான் அதைக் குப்பையில் போட்டுவிடும், ஈவென்ட்டும் நின்றுபோகும்.

கடையில் வாங்கிய அந்தக் கன்ட்ரோலரில் ட்ரிகர் வேலை செய்கிறதா? அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

ரன்னிமீடு:

அண்ணா, மிக்க நன்றி. பிரேக் சரியாகிவிட்டது, வயரைப் பிடுங்கினாலும் நிற்கவில்லை. ரெகுலேட்டரை நீங்கள் சொன்னபடி மாற்றியதும் ஓட்டுகிற உணர்வே வேறு.

கடையில் வாங்கியதில் ட்ரிகர் எந்த ஆக்சிஸிலும் வரவில்லை. 5-ஆம் ஆக்சிஸைக் கேட்டால் அப்படி ஒன்றே இல்லை என்கிறது.

மலைப்பாதை:

நினைத்தேன். அந்த வகையில் ட்ரிகர் பெரும்பாலும் வெறும் பட்டன்தான். அழுத்தினால் 1, விட்டால் 0, நடுவில் எதுவும் கிடையாது. எண்களை நம்பி எழுதுவதே ஆபத்து. எக்ஸ்பாக்ஸ் 360-இல் 2-ஆம் ஆக்சிஸ் இடது ட்ரிகர், பிளேஸ்டேஷன் 4-இல் அதே 2 வலது ஸ்டிக்கின் இடவலம். ஒன்றுக்கு எழுதியதை மற்றதில் செருகினால் என்ன நடக்கும் என்று நீங்களே பாருங்கள்.

ஒரு அமைப்புத் திரை போடுங்கள். 'பிரேக்கை அழுத்து' என்று கேட்டு, எந்த ஆக்சிஸ் அதிகம் நகர்ந்தது அல்லது எந்தப் பட்டன் விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கெட்_ஜியூஐடி தரும் அடையாளத்தின் பெயரில் ஜேசன் கோப்பாகச் சேமித்தால் அடுத்தமுறை கேட்க வேண்டாம். ஒரே மாதிரிக் கன்ட்ரோலர் இரண்டுக்கும் அது ஒன்றாகவே இருக்கும், அதனால் ஆளைப் பிரிக்க அதை எடுக்காதீர்கள். ஆளுக்கு இன்ஸ்டன்ஸ் ஐடி, பட்டன் அமைப்புக்கு ஜியூஐடி.

அப்புறம், அதில் 'அனலாக்' என்று ஒரு பட்டனும் சின்ன விளக்கும் இருக்கிறதா பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் இடது ஸ்டிக் முழு இடம், முழு வலம் என்று மட்டும் பேசக்கூடும்.

அடர்லி:

எங்கள் அப்பா இந்தப் பாதையில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர், அதனால் ஒரு யோசனை. பிரேக்ஸ்மேனுக்கு ட்ரிகரே வேண்டாம். அவர் கையில் இருப்பது கைபிரேக். வலது ஸ்டிக்கை வட்டமாகச் சுற்றச் சுற்ற பிரேக் இறுகட்டும், எதிர்ப்பக்கம் சுற்றினால் தளரட்டும். கடையில் வாங்கியதிலும் இது வேலை செய்யும்.

கணக்கு இப்படி: ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஏடான்2-வால் (கோணம் கண்டுபிடிக்கும் பைத்தான் ஃபங்ஷன்) ஸ்டிக்கின் கோணத்தை எடுத்து, முந்தைய கோணத்தைக் கழியுங்கள். வித்தியாசம் பையை (π, அதாவது அரை வட்டம்) விடப் பெரிதாக வந்தால் இரண்டு பையைக் கழிக்கவும், கழித்தல் பையை விடக் கீழே போனால் இரண்டு பையைக் கூட்டவும். இல்லையென்றால் வட்டம் முடியும் இடத்தில் பிரேக் தலைகீழாக அவிழ்ந்துவிடும். நடுவுக்குப் பக்கத்தில் கோணத்துக்கு அர்த்தமில்லை, எனவே ஸ்டிக்கின் நீளம் 0.6-ஐத் தாண்டினால் மட்டும் எண்ணுங்கள். நடுவுக்கு வந்துவிட்டால் முந்தைய கோணத்தை மறந்துவிடுங்கள். கீழ்ப்பக்கம்தான் கூட்டல் என்பதால் கடிகாரச் சுற்றில் கோணம் ஏறும். அதையே இறுக்கும் திசையாக வைத்துக்கொள்ளலாம்.

இறங்கும் ஓட்டத்தையும் வையுங்கள். 12 அடிக்கு 1 அடி சரிவு அது, இறங்கும்போதுதான் பிரேக்ஸ்மேனின் அருமை தெரியும். எங்கள் வீட்டில் அதைத்தான் அதிகம் பேசுவார்கள்.

ரன்னிமீடு:

அண்ணா, சுற்றும் பிரேக் அருமையான யோசனை. இன்று இரவே எழுதிப் பார்க்கிறேன். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பிரேக்ஸ்மேன் சிவப்புக் கொடி காட்டினால் டிரைவரின் கன்ட்ரோலர் அதிர வேண்டும் என்றும் நினைக்கிறேன். ரம்பிள் இல்லாத கன்ட்ரோலரில் அழைத்தால் பிழை வருமா?

மலைப்பாதை:

வராது, ஃபால்ஸ் என்று திருப்பித் தரும். பைகேம் 2.0.2-இலிருந்து ரம்பிள் உண்டு. குறைந்த அதிர்வெண், அதிக அதிர்வெண், எத்தனை மில்லிசெகண்ட் என்று மூன்று மதிப்பு கொடுக்க வேண்டும். ஃபால்ஸ் வந்தால் அந்த டிரைவரின் திரையோரத்தைச் சிவப்பாக்கிவிடுங்கள்.