அக்டோபர் கடைசியில் பிரசவ தேதி: டயாப்பருக்கு மாதம் எவ்வளவு ஒதுக்கணும்? எந்த சைஸ் எத்தனை?

கேள்வி – தாம்பரம்வாசி

வணக்கம். மனைவிக்கு எட்டாவது மாசம், அக்டோபர் 28 தேதி கொடுத்திருக்காங்க. முதல் குழந்தை. ஆஸ்பத்திரி லிஸ்ட்டில் நியூபார்ன் டயாப்பர் ஒரு பாக்கெட் என்று போட்டிருக்கு. மாமியார் மூணு மாசத்துக்கு வேட்டித் துணிதான், பாம்பர்ஸ் பக்கமே போகக் கூடாது என்கிறார். மனைவிக்கு ராத்திரியாவது டயாப்பர் வேணும்.

வீட்டு நிலவரம்: கிழக்குத் தாம்பரம், இரண்டாவது மாடி. போர் தண்ணீர், நல்ல உப்பு. டாப் லோட் வாஷிங் மெஷின் இருக்கு. மொட்டைமாடியில் கொடி கட்டலாம், ஆனால் நவம்பர் மழையை நினைத்தால் பயமா இருக்கு. மாசம் 1,500 ரூபாய்க்குள் முடிக்கணும்.

1. முதல் ஒரு வருஷத்துக்கு மொத்தம் எத்தனை டயாப்பர் ஆகும்?
2. இப்போது ஆன்லைன் ஆஃபரில் மொத்தமா வாங்கி வைக்கலாமா?
3. துணி எத்தனை தேவைப்படும்?

---

பதில் 1 – கணக்குப்பிள்ளை

முதலில் முழுக்க டயாப்பர் மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம். அப்போதுதான் எதைக் குறைக்கலாம் என்று தெரியும்.

முதல் மாதம் ஒரு நாளைக்கு 10. 2, 3ஆம் மாதங்களில் 8. 4 முதல் 6 மாதம் வரை 7. அதற்குப் பிறகு ஒரு வயது வரை 6. கூட்டினால் 300 + 480 + 630 + 1,080 = 2,490. ஏறக்குறைய 2,500 டயாப்பர்.

விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக நியூபார்ன் ஒன்று 9 ரூபாய், எஸ் 10, எம் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 2,700. அடுத்த இரண்டு மாதம் தலா 2,400. 4 முதல் 6 வரை தலா 2,100. 7ஆம் மாதத்திலிருந்து 2,160. வருஷத்துக்கு 26,760. குழந்தை வளர வளர எண்ணிக்கை குறையும், சைஸ் ஏற ஏற ஒன்றின் விலை கூடும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் "போகப் போகச் செலவு குறையும்" என்று காத்திருப்பதில் பயனில்லை. பட்ஜெட்டைத் தீர்மானிப்பது பிராண்ட் அல்ல, ஒரு நாளில் எந்தெந்த நேரத்துக்கு டயாப்பர் போடுகிறீர்கள் என்பதுதான்.

உங்கள் வீட்டுக்குக் கலப்புத் திட்டம் சரியாக வரும். பகலில் துணி, ராத்திரியிலும் வெளியே போகும்போதும் டயாப்பர்.

முதல் மாதம் நாளைக்கு 4. பிறந்த குழந்தை ராத்திரியிலும் ஆய் போகும் என்பதால் ஒரே டயாப்பரில் விடியாது. 120 × 9 = 1,080.
2, 3ஆம் மாதங்கள்: நாளைக்கு 3. மாதம் 900.
4–6: மாதம் 75 போதும். 750.
7–12: நாளைக்கு 3 (தவழ ஆரம்பித்ததும் பகலிலும் ஒன்று தேவைப்படும்). 90 × 12 = 1,080.

வருஷத்துக்கு 11,610. உங்கள் குழந்தையின் முதல் இரண்டு மாதமும் மழைக்காலம். துணி காயாத நாட்களுக்காக நாளைக்கு 2 கூடுதலாக வையுங்கள். நவம்பர் 1,620, டிசம்பர் 1,500. நவம்பரில் மட்டும் உங்கள் 1,500ஐ 120 ரூபாய் தாண்டும், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அதில் பாதிதான் செலவாகும். பிறப்பதற்கு முன்னாலேயே துணிக்கென்று ஒரு 3,000 தனியாக எடுத்து வையுங்கள். அதை மாதக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி சைஸ். பாக்கெட்டில் இருக்கும் கிலோ கணக்கைத்தான் பார்க்க வேண்டும், மாதக் கணக்கை அல்ல. பெரும்பாலும் நியூபார்ன் 5 கிலோ வரை, எஸ் 4–8, எம் 7–12, எல் 9–14. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் சில நாளில் கொஞ்சம் எடை இறங்கி, பத்துப் பதினான்கு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பும். பிறகு மூன்று மாதம் வரை நாளைக்கு 25–30 கிராம் ஏறும். ஆகவே ஆறேழு வாரத்தில் நியூபார்ன் இறுக்க ஆரம்பித்துவிடும். இப்போது வாங்க வேண்டியது நியூபார்னில் ஒரே ஒரு சின்ன பாக்கெட், டேப் வைத்தது. அவ்வளவுதான். மூன்றரை கிலோவில் பிறந்தால் எஸ்ஸுக்கு இன்னும் சீக்கிரம் போய்விடுவீர்கள். இரண்டேகால் கிலோ என்றால் நியூபார்ன் இரண்டு மாதத்துக்கு மேலும் ஓடும். பிறக்கும் முன் இது யாருக்கும் தெரியாது.

ஆஃபரில் சேர்த்து வைக்கத் தகுந்த ஒரே சைஸ் எம். உலக சுகாதார நிறுவன வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு வயதில் நடுத்தர எடை ஆண் குழந்தைக்கு 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9. ஆறு மாதவாக்கில் எம்முக்குள் வந்தால் ஒரு வயது தாண்டியும் அதிலேயே இருக்கும்.

---

பதில் 2 – பருத்தித்துணி

துணிப் பக்கத்தை நான் சொல்றேன். கடையில் விற்கிற முக்கோணத் துணியை விட உங்க மாமியார் சொல்ற பழைய வேட்டிதான் நல்லது. பல தடவை துவைச்ச பருத்தி தண்ணியைச் சட்டுனு இழுக்கும். ஆனா வெட்டறதில் கவனம் வேணும்.

நாலு முழ வேட்டி ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், ஒன்னேகால் மீட்டர் அகலம். நீளத்தை மூணாவும் அகலத்தை ரெண்டாவும் பிரிச்சா ஆறு சதுரம், ஒவ்வொண்ணும் 60 சென்டிமீட்டருக்குச் சற்று மேல. முதல்ல கரையை வெட்டி எடுத்துடுங்க. ஜரிகைக் கரை தொடையை அறுக்கும். கஞ்சி போட்ட வேட்டின்னா ரெண்டு தடவை வெந்நீரில் அலசிடுங்க. அப்புறம் நாலு ஓரமும் மடிச்சுத் தையல் போட்டே ஆகணும். தைக்காத ஓரத்தில் நூல் பிரிஞ்சு குழந்தையோட கால் விரல்லயோ, ஆண் குழந்தைன்னா குறியிலயோ சுத்திக்கும். ரத்த ஓட்டம் நின்னு விரல் வீங்கிடும், வெளியே பார்த்தா நூல் இருக்கறதே தெரியாது. காரணமில்லாம குழந்தை வீறிட்டு அழுதா முதல்ல விரலிடுக்கைப் பாருங்க.

எண்ணிக்கை: பகல்ல மட்டும் துணி கட்டினாலும் முதல் மாசம் நாளைக்கு 12 ஆகும், ஏன்னா நனைஞ்ச உடனே மாத்தணும். கட்டறதுக்கு ஒரு செட், கொடியில் ஒரு செட், மடிச்சு வைக்க ஒரு செட்: 36. வெயில் காலம்னா இது போதும். நவம்பர்ல ஒரு நாள் துணி ரெண்டு நாள் காயும். அதனால 48 வெச்சுக்கோங்க, அதாவது எட்டு வேட்டி. சொந்தக்காரங்ககிட்ட இப்பவே கேட்டு வாங்கிடுங்க. ரப்பர் ஷீட் ரெண்டு, அதுக்கு மேல விரிக்கப் பழைய பருத்திப் புடவைத் துண்டு ஆறு.

உப்புத் தண்ணியில் துவைக்கிறதுதான் உங்க வீட்டில் பெரிய வேலை. அந்தத் தண்ணியில் இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து பிசுக்காகி நூல் இழையில் உட்கார்ந்துக்கும். ரெண்டு வாரத்தில் துணி விறைப்பாகும், தண்ணியை உறிஞ்சாது, காய்ஞ்ச பிறகும் மூத்திர வாடை அடிக்கும். சோதிக்க ஒரு வழி: காய்ஞ்ச துணி மேல ஒரு சொட்டு தண்ணி விடுங்க. முத்து மாதிரி நின்னா பிசுக்கு ஏறிடுச்சுன்னு அர்த்தம்.

செய்ய வேண்டியது: முதல்ல பச்சைத் தண்ணியில் சோப்பு இல்லாம ஒரு அலசல். அப்புறம் வெந்நீர், முழு அளவு சலவைத் தூள், கூடவே ஒரு பக்கெட்டுக்கு ஒரு ஸ்பூன் சலவைச் சோடா. பாப்பா துணின்னு தூளைக் குறைச்சுப் போடறதுதான் பலர் செய்யற தப்பு, உப்புத் தண்ணியில் பாதித் தூள் உப்போட சண்டை போட்டே தீர்ந்துடும். பிறகு நுரை சுத்தமா போற வரைக்கும் மூணு அலசல். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி கிடைச்சா போதும். மழைக்காலத்தில் மொட்டைமாடிக் குழாயில் இறங்கற மழைத்தண்ணியை (முதல் மழை அழுக்கோட வரும், அதை விட்டுடுங்க) ஒரு டிரம்மில் பிடிச்சு வெச்சுக்கோங்க. அதைவிட உப்புக் குறைஞ்ச தண்ணி உங்க ஏரியாவில் கிடைக்காது. ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணி வேண்டவே வேணாம், அதில் உப்பு இன்னும் அதிகம். துணி மணக்கறதுக்காக ஊத்தற கண்டிஷனரும் கூடாது, அது இழை மேல ஒரு படலம் போட்டு உறிஞ்சறதையே கெடுத்துடும். டெட்டாலில் ஊற வைக்கவும் வேணாம், சரியா அலசலைன்னா தோல் எரியும்.

---

தாம்பரம்வாசி

ரொம்ப நன்றி. இப்போ பாக்கெட் மாதிரி இருக்கற துணி டயாப்பர் விளம்பரம் நிறைய வருது. அதையும் வாங்கலாமா? அப்புறம், டயாப்பர் போட்டும் முதுகுப் பக்கம் கசியுது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். சைஸ் பிரச்சினையா?

---

பதில் 3 – பருத்தித்துணி

பாக்கெட் டயாப்பர் இப்போ வேணாம். பட்டன் மாத்தி எல்லா வயசுக்கும் போடலாம்னு விக்கற சைஸ் பெரும்பாலும் 5 கிலோவிலிருந்துதான் சரியா உட்காரும். மூணு கிலோ குழந்தையோட ஒல்லித் தொடையில் இடைவெளி விழுந்து ஒழுகும். மூணாவது மாசம் நாலு வாங்கிப் பாருங்க, ஒத்து வந்தா மேல வாங்கலாம். புதுசா வாங்கின இன்செர்ட்டை (உறைக்குள்ள செருகற உறிஞ்சு துணி) அஞ்சாறு தடவை துவைச்சுக் காயவெச்ச பிறகுதான் முழுசா உறிஞ்சும். முதல் நாளே கட்டிட்டு "ஒழுகுது"ன்னு ஒதுக்கிடாதீங்க. காயவைக்கும்போது இன்செர்ட் வெயிலில், வெளி உறை நிழலில். உறைக்கு உள்ள இருக்கற நீர்புகாப் படலமும் எலாஸ்டிக்கும் சுள்ளுன்னு வெயிலில் சீக்கிரம் போயிடும்.

---

பதில் 4 – பச்சிளம் வார்டு

கசிவுக்கு எப்போதும் சைஸ் காரணமில்லை. தொடையைச் சுற்றி மெல்லிய ஃபிரில் இரட்டை வரிசையாக இருக்கும். டயாப்பர் போட்டதும் விரலை உள்ளே ஓட்டி அந்த ஃபிரில்லை வெளியே இழுத்து விட வேண்டும். உள்ளே மடிந்திருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் ஒழுகும். ஆண் குழந்தைக்குக் குறி கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுப் பக்கம் நனையும். இதெல்லாம் சரியாக இருந்தும் முதுகு வழியாக ஆய் வந்தாலோ, தொடையில் சிவப்புக் கோடு விழுந்தாலோ, டேப் இரண்டும் நடுப்பட்டை வரை எட்டாவிட்டாலோ அடுத்த சைஸுக்குப் போங்கள், எடை வரம்புக்குள் இருந்தாலும்.

தொப்புள்கொடி விழும்வரை பேண்ட் மாடல் வேண்டாம். டேப் மாடலில் முன்பக்கத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்து விட்டால் காற்றுப்பட்டுக் காயும். பேண்ட் மாடல் குழந்தை புரள ஆரம்பித்த பிறகு வசதி.

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு மூன்று நாள் மலம் கறுப்பாகப் பிசுபிசுவென்று வரும், துணியில் பட்டால் கறை போகாது. அந்த நாட்களுக்கு டயாப்பர்தான் நல்லது. பிட்டத்தில் முன்கூட்டியே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் துடைக்கச் சுலபம்.

ஆனால் முதல் வாரத்தில் டயாப்பர் போடுவதால் ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். குழந்தைக்குப் பால் போதுகிறதா என்பதை ஒன்றுக்குப் போகும் எண்ணிக்கையை வைத்துத்தான் பார்ப்போம். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு முறை போக வேண்டும். துணியில் இது உடனே தெரியும். டயாப்பரில் உள்ள ஜெல் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். நடுவில் மஞ்சள் கோடு இருந்தால் அது நிறம் மாறியதா என்று பாருங்கள். கோடு இல்லாத பிராண்டில் ஒரு துண்டுப் பஞ்சை உள்ளே வைத்துவிடுங்கள், நனைந்தால் தெரியும். ஆறுக்குக் கீழே இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். டயாப்பர் மிச்சமாகிறது என்று சந்தோஷப்படும் விஷயமில்லை அது.

மாமியாரின் பயம் புண் பற்றித்தான் இருக்கும். டயாப்பரால் மட்டும் புண் வருவதில்லை. ஈரமும் மலமும் தோலில் நெடுநேரம் இருப்பதால் வருகிறது, நனைந்த துணியைக் கட்டியே வைத்திருந்தாலும் வரும். ஆய் போனால் உடனே, ஒன்றுக்கு மட்டும் என்றால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் வெறும் உடம்பாக விடுங்கள். வைப்ஸ் வீட்டில் தேவையில்லை, பஞ்சும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். அதில் மிச்சமாகும் பணத்தில் துத்தநாக ஆக்சைடு கிரீம் ஒன்று வாங்கி வையுங்கள். பவுடர் போடாதீர்கள், மடிப்பில் கட்டியாகும், மூச்சிலும் போகும். மடிப்புக்குள் அடர் சிவப்பாகி, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. அதற்கு கிரீம் மாற வேண்டும், டாக்டரைப் பாருங்கள்.

---

பதில் 5 – மொட்டைமாடி

கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒரு திருத்தம். எம் சைஸ் என்றாலும் இப்போது வாங்க வேண்டாம். அதே பிராண்டின் எஸ் சைஸை ஒரு மாதமாவது போட்டுப் பார்த்து, தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா, ராத்திரி தாங்குகிறதா என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். ஆஃபர் மறுபடி வரும், பிரித்த பாக்கெட்டைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

விலையைப் பாக்கெட்டோடு பாக்கெட் ஒப்பிடாமல், ஒன்றின் விலையைப் பாருங்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சின்ன பாக்கெட்டில் ஒன்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூட இருக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தை டயாப்பருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. அதற்கு முன்னால் அச்சிட்ட பழைய ஸ்டாக்கை "பெரிய தள்ளுபடி" என்று காட்டினால் தயாரிப்பு மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குப்பையையும் யோசித்து வையுங்கள். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயாப்பரைச் சுருட்டி, அதன் டேப்பாலேயே ஒட்டி, செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். மக்கும் குப்பையோடு சேர்க்கக் கூடாது. டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்தால் ஜெல் ஊதி, இரண்டாவது மாடியிலிருந்து இறங்கும் குழாய் முழுக்க அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் குப்பை வண்டி ஒரு நாள் வராமல் போகலாம், அதனால் மூடி உள்ள ஒரு வாளியை பால்கனியில் ஒதுக்கி வையுங்கள்.