கேமிங் கணினியில் ப்ராசஸர் ஓவர்கிளாக்: கூடுவது எத்தனை ஃபிரேம், ஏறுவது எத்தனை வாட்?

சேலத்துக்காரன்:

ஓவர்கிளாக், அதாவது ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, பண்ணலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். ஆடுகிற கேமில் கூட்டம் நிறைந்த ஓர் இடத்தில் நின்று ஃபிரேம் எண்ணைக் (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை மட்டும் 1440பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். ஃபிரேம் மளமளவென்று ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில்தான். ப்ராசஸரில் என்ன செய்தாலும் திரையில் மாற்றம் தெரியாது. எண் அசையாமல் அங்கேயே நின்றால்தான் ப்ராசஸர் பக்கம் திரும்ப வேண்டும். 1080பி-யில் எல்லாவற்றையும் 'லோ' வைத்து ஆடும் கவுன்டர் ஸ்ட்ரைக் 2, வாலரன்ட், ஊர் பெரிதாகப் பெரிதாகத் திணறும் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் போன்றவை இந்த இரண்டாம் வகை.

அடுத்து மின்சாரக் கணக்கு. ப்ராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 1.20 வோல்ட்டில் 4.7 ஜிகாஹெர்ட்ஸ் ஓடுகிற ஒன்றை 5.0-க்குத் தள்ள 1.35 வோல்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடியது 6 சதவீதம். மின்சாரம் கூடியது சுமார் 35 சதவீதம். 140 வாட் எடுத்தது 190 வாட்டை நெருங்கும், அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். ப்ராசஸரே தடையாக இருக்கும் கேமில்கூட அந்த 6 சதவீதம் முழுசாகக் கைக்கு வராது, ஏனென்றால் ராம் அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 150 ஃபிரேம் 156 ஆனால் கண்ணுக்குத் தெரியுமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். என் கருத்து, புது ப்ராசஸரில் கையால் மல்டிப்ளையரை (அடிப்படை கிளாக்கைப் பெருக்கி வேகம் தரும் எண்) ஏற்றுவது இன்று பெரும்பாலும் வீண்.

ரேம்பித்தன்:

அண்ணா சொன்ன கணக்கு சரி. ஏன் இப்படி ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1998-இல் வந்த செலரான் 300ஏ, பஸ் (போர்டு தரும் அடிப்படை கிளாக்) வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் 300-லிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்கு எகிறியது. சும்மா கிடைத்த 50 சதவீதம். 2011-இன் ஐ5 2500கே 3.3-இல் வந்து பலரிடம் 4.5-இல் ஓடியது. அன்று கம்பெனிகள் விட்டுவைத்த இடைவெளியை இன்று பூஸ்ட் (ப்ராசஸர் தானாகவே வேகம் ஏற்றுவது) என்ற பெயரில் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்தபடியே 5.8 ஜிகாஹெர்ட்ஸ் தொடும் ஐ9 13900கே-யில் நமக்கு மிச்சம் என்ன இருக்கும்?

மிச்சம் இருப்பது ராமில். பலருடைய கணினியில் 3600 வேகம் என்று வாங்கிய ராம் 2133-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும், 6000 என்று வாங்கிய டிடிஆர்5 4800-இல் நிற்கும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி, ஏஎம்டி போர்டானால் எக்ஸ்போ, ராமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் தேர்வு, அதை ஆன் செய்யாமல் விட்டதுதான் காரணம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் இப்போதைய வேகம் தெரியும். 1 சதவீத லோ என்கிறோமே, அந்தத் திடீர் தடுமாற்றம், அதை ராம் வேகம் சரிசெய்யும் அளவுக்கு மல்டிப்ளையர் சரிசெய்யாது.

ரைசன் 5000 வரிசைக்கு 3600 ராம், ஃபேப்ரிக் (ப்ராசஸரின் பாகங்களை இணைக்கும் உள்பாதை) 1800. ராமின் உண்மைக் கிளாக் அதன் எண்ணில் பாதி, ஆகவே ஒன்றுக்கு ஒன்று. ரைசன் 7000-க்கு 6000. ஸ்டிக் இரண்டு மட்டும் போடுங்கள். நான்கு போட்டால் ரைசன் 7000-இல் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600-தான், அதற்கு மேல் ஓடினால் அது உங்கள் யோகம்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்போவும் ஓவர்கிளாக்தான். 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில கருகிய விவகாரம் நினைவிருக்கும். எக்ஸ்போவை ஆன் செய்ததும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்ட்டேஜை (ப்ராசஸருக்குள் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) தாமாகவே அதிகம் ஏற்றின. பிறகு ஏஎம்டி பயாஸ் வழியாக 1.3 வோல்ட்டில் உச்சவரம்பு போட்டது. பழைய பயாஸோடு ஏஎம்5 (ரைசன் 7000-க்கான சாக்கெட்) போர்டு வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு எக்ஸ்போ பக்கம் போகவும்.

மைக்ரோவோல்ட்:

ரைசன் 5000, 7000 வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வோல்ட்டேஜை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். கர்வ் ஆப்டிமைசர் (எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்ட்டேஜ் என்பதை மாற்றும் பயாஸ் தேர்வு) அதற்குத்தான் இருக்கிறது. ஒரு புள்ளி இறக்கினால் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். வெப்பம் குறைவதால் பூஸ்ட் தானாகவே கூடுதல் நேரம் உயரத்தில் நிற்கும். வேகமும் கூடி சூடும் குறைகிற ஒரே வழி இது.

5800எக்ஸ்-ஐ எடுத்துக்கொண்டு சொல்கிறேன். பயாஸில் அட்வான்ஸ்டு, ஏஎம்டி ஓவர்கிளாக்கிங், பிபிஓ (பூஸ்ட் வரம்புகளை மாற்றும் தேர்வு), அதை 'அட்வான்ஸ்டு' ஆக்குங்கள். பிபிடி (மொத்த மின்சாரம்) 142 வாட், டிடிசி (நீடித்த மின்னோட்டம்) 95 ஆம்பியர், ஈடிசி (உச்ச மின்னோட்டம்) 140 ஆம்பியர் என்ற கம்பெனி அளவையே வையுங்கள். 'மதர்போர்டு லிமிட்' என்ற தேர்வு வேண்டாம், அது வரம்பையே தூக்கிவிடும். கர்வ் ஆப்டிமைசரில் 'பெர் கோர்' (ப்ராசஸருக்குள் தனித்தனியாக இயங்கும் ஒவ்வொரு கணிப்பகுதிக்கும் தனி அளவு) தேர்ந்தெடுத்து எல்லாக் கோருக்கும் மைனஸ் 15. ரைசன் மாஸ்டர் என்ற ஏஎம்டி மென்பொருளில் நட்சத்திரமும் புள்ளியும் போட்டுக் காட்டும் இரண்டு சிறந்த கோர்களுக்கு மட்டும் மைனஸ் 5. அவைதான் மிக உயர்ந்த வேகத்தில் ஓடுபவை, அவற்றில் ஏற்கனவே மிச்சம் குறைவு. எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 போட்டேன், சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை அரைமணி நேரம் ஓடியது என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சினிபெஞ்ச் எல்லாக் கோர்களையும் சேர்த்து ஓட்டும்போது வேகம் 4.5 பக்கம்தான் இருக்கும். சிக்கல் வருவது ஒற்றைக் கோர் 4.85-ஐத் தொடும் நொடியில். அதாவது பிரவுசர் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும் நேரத்தில். திரை கறுத்து, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகும்.

இதைப் பிடிக்க கோர்சைக்கிளர் என்ற இலவச ஸ்கிரிப்ட். ஒவ்வொரு கோரையும் தனியாக பிரைம்95 என்ற கடுஞ்சோதனையில் ஓட்டும். இரவு முழுவதும் ஓட விடுங்கள். அதையும் மீறி ரீஸ்டார்ட் வந்தால் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து டபிள்யூஹெச்இஏ லாகர் (வன்பொருள் பிழைப் பதிவு), எண் 18-ஐத் தேடுங்கள். அதில் ப்ராசஸர் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் இருக்கும். எட்டுக் கோர் ப்ராசஸரில் அதை இரண்டால் வகுத்தால் குற்றவாளிக் கோர். 6 என்றிருந்தால் கோர் 3, 7 என்றாலும் கோர் 3. அந்த ஒன்றை மட்டும் மைனஸ் 15-லிருந்து மைனஸ் 10-க்கு ஏற்றுங்கள், மற்றவற்றைத் தொட வேண்டாம்.

இன்னொரு பொறி. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் 'கோர் கிளாக்' 4.85 காட்டும், ஆனால் மதிப்பெண் இறங்கியிருக்கும். வோல்ட்டேஜ் போதாதபோது ப்ராசஸர் உள்ளுக்குள் கிளாக்கை நீட்டிச் சமாளிக்கிறது. 'எஃபெக்டிவ் கிளாக்' என்ற வரிசையைப் பாருங்கள். முழுச் சுமையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள்.

வெப்பம் மட்டும்தான் கவலை என்றால் 65 வாட் ஈகோ மோடு போதும். பிபிடி 88 வாட் ஆகிவிடும். வீடியோ ரெண்டரிங் கொஞ்சம் மெதுவாகும், கேமில் வித்தியாசம் தேட வேண்டியிருக்கும்.

பழைய_இசட்370:

சேலத்து நண்பர் "வீண்" என்று ஒரேயடியாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. செகண்ட் ஹேண்டில் ஐ5 8600கே, ஐ7 8700கே வாங்கி ஆடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். 8600கே எல்லாக் கோரிலும் ஓடுவது 4.1, அதை 4.8-க்குக் கொண்டுபோவது 17 சதவீதம். புது மதர்போர்டு, புது ராம் என்று பணம் போடுவதை ஓரிரு வருடம் தள்ளிப்போட அது உதவும். ரைசன் 5 1600-உம் அப்படித்தான், எல்லாக் கோரிலும் 3.4-இல் ஓடுவது 1.35 வோல்ட் பக்கத்தில் 3.8 வரை போகும்.

8700கே-க்கு ஒழுங்கான வழி இது. மல்டி கோர் என்ஹான்ஸ்மென்ட் (எல்லாக் கோரையும் போர்டு தானாக உச்ச வேகத்துக்கு ஏற்றும் தேர்வு) ஆஃப். மல்டிப்ளையர் 47 (4.7 ஜிகாஹெர்ட்ஸ்), வோல்ட்டேஜ் கையால் 1.25, கேஷின் மல்டிப்ளையர் 43, ஏவிஎக்ஸ் ஆஃப்செட் 2 (கனமான ஏவிஎக்ஸ் கட்டளைகள் ஓடும்போது மல்டிப்ளையர் இரண்டு இறங்கும்). வோல்ட்டேஜை ஆட்டோவில் விடவே கூடாது. ஓவர்கிளாக்கால் ப்ராசஸர் செத்தது என்று வரும் கதைகளில் பல ஆட்டோ வோல்ட்டேஜ் கதைகள்தான். போர்டு பயந்துகொண்டு 1.4-க்கு மேல் தள்ளிவிடும், தேவைப்பட்டது 1.28-ஆக இருக்கும். சினிபெஞ்ச் ஆர்23 பத்து நிமிடம் ஓடினால் மல்டிப்ளையரை ஒன்று ஏற்றுங்கள். ப்ளூ ஸ்கிரீன் வந்தால் வோல்ட்டேஜை 0.02 ஏற்றுங்கள். 1.35-ஐயோ 85 டிகிரியையோ எது முதலில் தொடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். 8700கே-யின் மூடிக்குக் கீழே இருப்பது ஈயப்பற்று அல்ல, பேஸ்ட். அதனால் பெரும்பாலும் வெப்பம்தான் முதலில் தடுக்கும்.

லோடு லைன் கேலிபரேஷனில், அதாவது சுமையில் வோல்ட்டேஜ் சரிவதைக் கட்டுப்படுத்தும் தேர்வில், கவனம். சுமை ஏறும்போது வோல்ட்டேஜ் கொஞ்சம் சரியும், அது வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. அதை முழுசாகத் தட்டையாக்கினால் சுமை விலகும் கணத்தில் வோல்ட்டேஜ் குதிக்கும், அந்தக் குதிப்பு உங்கள் மீட்டரில் தெரியாது. நடு அளவில் வையுங்கள். ஒரு போர்டில் படித்ததை இன்னொன்றில் அப்படியே போடாதீர்கள்: அசூஸில் எண் பெரிதாக ஆக இறுக்கம், ஏஎஸ்ராக்கிலும் எம்எஸ்ஐயிலும் 1 என்பதுதான் உச்ச இறுக்கம்.

போர்டும் தோதாக இருக்க வேண்டும். இன்டெலில் கே வகை ப்ராசஸரும் இசட் வகை சிப்செட்டும் சேர்ந்தால்தான் மல்டிப்ளையர் திறக்கும். பி660, பி760-இல் ராம் மட்டும். ஏஎம்டியில் ஏ320, ஏ520-இல் ப்ராசஸர் ஓவர்கிளாக் கிடையாது.

சேலத்துக்காரன்:

பழைய கே வகைக்கு ஒப்புக்கொள்கிறேன் சார். நான் மனதில் வைத்தது கடந்த சில வருடங்களில் வந்தவை. அதிலும் 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் வேகம் ஏற்றும் பேச்சையே எடுக்க வேண்டாம். மிகை வோல்ட்டேஜும் வெப்பமும் சேர்ந்து கிளாக் சுற்றைத் தேய்த்து, நாளடைவில் அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்ட்டேஜ் கேட்கும் நிலை வந்ததை இன்டெலே சொல்லிவிட்டது. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோடு (பயாஸ் வழியாக ப்ராசஸருக்குள் ஏறும் திருத்தம்), ப்ராசஸர் கேட்கும் வோல்ட்டேஜை 1.55-க்கு மேல் போகாமல் பிடித்தது. அதற்குப் பிந்தைய பயாஸ் எதுவாக இருந்தாலும் உடனே போடுங்கள். போட்டபின் 'இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்' தேர்வில் இருக்கிறதா என்று பாருங்கள். சில போர்டுகள் மின்வரம்பை 4095 வாட் என்று வைத்திருக்கும், அதாவது வரம்பே இல்லை. ஐ9-க்கு நீடித்த வரம்பு, குறுகிய நேர வரம்பு இரண்டும் 253 வாட்.

தேய்ந்த ப்ராசஸரின் அடையாளம் விசித்திரமானது. அன்ரியல் எஞ்சின் கேம் ஷேடர்களை (கிராபிக்ஸ் கார்டுக்கான சிறு நிரல்கள்) கம்பைல் செய்யும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி விழும். கிராபிக்ஸ் கார்டில் மெமரி தாராளமாக இருக்கும். உண்மையில் சறுக்குவது ப்ராசஸர், அது பிரித்தெடுத்த தரவு தப்பாக வந்திருக்கும். கார்டை மாற்றுவதற்கு முன் மல்டிப்ளையரை 55-லிருந்து 53-க்கு இறக்கிப் பாருங்கள். பிழை நின்றால் வாரன்டிக்கு விண்ணப்பியுங்கள். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு மூன்று வருட வாரன்டியை ஐந்தாக நீட்டியிருக்கிறார்கள்.

நெல்லைத்தம்பி:

நம்ம ஊர் வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே அண்ணன்மார்களே. வெளிநாட்டு ரிவ்யூவில் வரும் டிகிரி எல்லாம் 21, 22 டிகிரி அறையில் எடுத்தவை. மார்கழியில் 26 டிகிரி அறையில் 82-இல் நின்றது, சித்திரையில் அறை 37-ஐத் தொட்டால் 93-க்குப் போகும். கூலர் வெப்பத்தை அறைக் காற்றில் சேர்க்கிறதே தவிர அறையைவிடக் கீழே இறக்காது. மேயில் ஏசி இல்லாமல் சோதித்து நின்றால்தான் அது நிலையான ஓவர்கிளாக்.

வாட்டர் கூலர் மாட்டினால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டவர் கூலரின் ஃபேன் சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் (ப்ராசஸருக்கு வோல்ட்டேஜைச் சீராக்கித் தரும் பகுதி) மீதும் காற்று வீசிக்கொண்டிருந்தது. வாட்டர் கூலரில் அந்தக் காற்று நின்றுவிடும். ஹீட்சிங்க் இல்லாத விலை குறைந்த போர்டில் விஆர்எம் 100 டிகிரியைத் தாண்டி, ப்ராசஸர் 70 டிகிரியில் இருக்கும்போதே வேகம் விழும். கேஸின் பின்பக்க, மேல்பக்க ஃபேன்களை வைத்து அந்த மூலைக்குக் காற்று கொடுங்கள்.

யுபிஎஸ்-ஸும் கணக்கில் வர வேண்டும். வீடுகளில் இருக்கும் 600 விஏ பெட்டி தாங்குவது 360 வாட். கிராபிக்ஸ் கார்டு 220, ஓவர்கிளாக் செய்த ப்ராசஸர் 150, மானிட்டர் 30, போர்டும் ஃபேனும் 40 என்று கூட்டினால் 440. கரண்ட் போன அந்த நொடியே யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும். கரண்ட் பில் பயப்படும் அளவுக்கு இல்லை. கூடுதல் 50 வாட், தினம் நான்கு மணி நேரம் என்றால் மாதம் 6 யூனிட்.

மைக்ரோவோல்ட்:

கடைசியாக ஒன்று, ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ப்ராசஸர் கருகுவது அபூர்வம், ஃபைல் கெடுவது சாதாரணம். அரைகுறை நிலைத்தன்மையில் ராமிலிருந்து எஸ்எஸ்டி-க்குப் போகும் தரவில் ஒரு பிட் புரண்டால் எந்த எச்சரிக்கையும் வராது. சில வாரம் கழித்து விண்டோஸ் அப்டேட் ஏறாது, கேமின் சேவ் ஃபைல் திறக்காது, ஜிப் பிரியாது. அதனால் ராமை டெஸ்ட்மெம்5 என்ற சோதனை மென்பொருளில் ஒரு பிழைகூட இல்லாமல் முடித்த பிறகுதான் ப்ராசஸரில் கை வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது சறுக்கியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. சோதனை முடியும்வரை முக்கியமான ஃபைல்கள் வேறொரு டிரைவில் இருக்கட்டும்.

பூட் ஆகவில்லை என்றால் பதற வேண்டாம். பவர் கேபிளை உருவி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கி, போர்டில் பயாஸ் அமைப்பை அழிக்க வைத்திருக்கும் சிஎம்ஓஎஸ் ஜம்பர் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் பத்து நொடி இணையுங்கள். ஜம்பர் கைக்கு எட்டாவிட்டால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பும். பயாஸ் அப்டேட் செய்யும்போது மட்டும் முதலில் 'லோடு டீஃபால்ட்ஸ்' கொடுத்துவிட்டுச் செய்யுங்கள், ஆட்டம் காணும் ஓவர்கிளாக்கோடு பயாஸ் எழுதப் போனால் போர்டே போய்விடலாம். அப்டேட் முடிந்ததும் பயாஸுக்குள் சேமித்த ப்ரொஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்கும். முன்கூட்டியே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து வைத்தால் அரைமணியில் திரும்பப் போட்டுவிடலாம். புது பயாஸில் பழைய மைனஸ் 15 அப்படியே நிற்கும் என்று உறுதி இல்லை, கோர்சைக்கிளரை இன்னோர் இரவு ஓட்டியாக வேண்டும்.