யூரோவிஷனுக்கு அவுஸ்திரேலியா இன்னும் போகத்தான் வேணுமோ?

ஹோம்புஷ்வாசி
சுவிஸ் பாசலில நடந்த 2025 யூரோவிஷன் பாட்டுப்போட்டியில அவுஸ்திரேலியா அரையிறுதியோடயே வெளியில வந்திட்டுது. கோ-ஜோ எண்ட பெடியன், ‘மில்க்‌ஷேக் மேன்’ எண்ட பாட்டு. 2024இல சுவீடன் மால்மோவிலயும் இதே கதை, 2021இல ரொட்டர்டாமிலயும் இதே கதை. 2015இல, போட்டியின்ர 60ஆவது வருசக் கொண்டாட்டத்துக்கெண்டு ஒருக்கா மட்டும் வரச்சொல்லிக் கூப்பிட்டவை. கலியாணத்துக்குக் கூப்பிட்ட வீட்டில பாயைப் போட்டுப் படுத்த மாதிரி நாங்கள் இன்னும் எழும்பேல்லை. இதுக்குச் செலவழிக்கிறது எஸ்.பி.எஸ். எண்ட பல்மொழி அரச ஒலிபரப்பு நிறுவனம். எங்கட தமிழ் ஒலிபரப்பை நடத்திறதும் அதே எஸ்.பி.எஸ்.தான். அந்தக் காசை மொழி நிகழ்ச்சியளுக்குப் போட்டால் என்ன குறைஞ்சுபோகும்?

அதிகாலை5மணி
சார், கணக்கை முழுசா போடுங்க. 2020ல கொரோனாவால போட்டியே நடக்கல. அதை விட்டா 2025 வரைக்கும் பத்து முறை போயிருக்கோம். அதுல ஐந்து முறை முதல் பத்து இடத்துக்குள்ள. 2015ல கை செபாஸ்டியன் ஐந்தாவது. 2016ல டாமி இம் இரண்டாவது: 511 புள்ளி, ஜெயிச்ச உக்ரைனுக்கு 534. மக்கள் வாக்கை விட்டுட்டு நடுவர் வாக்கு மட்டும்னா அன்னைக்கு நாமதான் முதல் இடம். 2021ல எல்லை மூடியிருந்ததால மோன்டேன் ரொட்டர்டாம் போகவே முடியல, இங்க பதிவு பண்ணின வீடியோவைத்தான் ஓட்டினாங்க. அதையும் தோல்விக் கணக்குல சேர்க்கிறது நியாயமா?

விருந்தாளிக் கதையும் சரியில்ல. இது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தோட போட்டி, அதோட உறுப்பினர் நிறுவனங்கள்தான் பாடகர்களை அனுப்புது. இஸ்ரேல் 1973லிருந்து வருது. மொராக்கோகூட 1980ல ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போச்சு. எஸ்.பி.எஸ். அங்க இணை உறுப்பினர், 1983லிருந்து இந்தப் போட்டியை இங்க காட்டுது. 2014ல கோபன்ஹேகன்ல இடைவேளை நிகழ்ச்சிக்கு ஜெசிகா மௌபாய் போய்ப் பாடினாங்க, அடுத்த வருஷம் அழைப்பு வந்தது. முப்பது வருஷம் ஞாயிறு விடியற்காலைல முழிச்சுப் பார்த்த ரசிகர்களாலதான் அது வந்தது.

ஹோம்புஷ்வாசி
தம்பி, இணை உறுப்பினர் எண்டால் உரிமை இல்லை, அழைப்பு. அவை நாளைக்கு வேண்டாமெண்டால் கதை முடிஞ்சுது. சரி, வெல்லுறம் எண்டே வைப்பம். வெண்ட நாடுதான் அடுத்த வருசம் நடத்திறது வழமை. எங்களுக்கு அதுகும் இல்லை. ஐரோப்பாவில ஒரு நகரத்தில, அங்கத்தை நிறுவனம் ஒண்டோட சேர்ந்துதான் நடத்தலாம். சிட்னிக்கு ஒரு சுற்றுலாப்பயணிகூட வரமாட்டான்.

கணக்குக் கேட்டனீர். இந்தாரும். 2017இல ஐசாயாவுக்கு நடுவர் குடுத்தது 171, சனம் குடுத்தது 2. அடுத்த வருசம் மௌபாய்க்கு நடுவர் 90, சனம் 9. 2022இல ஷெல்டன் ரைலிக்கு 123, சனம் திரும்பவும் 2. உம்மட ‘முதல் பத்து’ நடுவர்மார் தூக்கிவிட்டது. 2023இலயிருந்து 2025 வரைக்கும் அரையிறுதியில நடுவர் இல்லை, சனத்தின்ர வாக்கு மட்டும்தான். பிறகு நடந்ததைத்தான் பாக்கிறமே.

பவளமல்லி
2023ஐயே தாண்டிட்டுப் போறீங்களே அண்ணா! நான் பெர்த்ல இருக்கேன், இதைச் சும்மா விட முடியாது. எங்க ஊர் மெட்டல் பேண்ட் வாயேஜர் போனது அந்த வருஷம்தான். நீங்க சொன்ன அதே ‘சனம் மட்டும்’ அரையிறுதியில அவங்க முதல் இடம். இரண்டாவதோ மூணாவதோ இல்ல, முதல் இடம்.

ஹோம்புஷ்வாசி
பிள்ளை, அதே வாயேஜருக்கு இறுதிச்சுற்றில சனம் குடுத்தது 21. நடுவர் 130.

பவளமல்லி
26 பாட்டு ஓடற இறுதிச்சுற்றுல எல்லாருக்கும் சிதறத்தான் செய்யும். ஒன்பதாவது இடம் வந்தாங்க. நான் பெருமைப்பட்டுக்கறேன், தப்பா?

ரைன்கரை
வணக்கம். நான் பாசலில இருக்கிறன். அண்ணை சொல்லுற ‘சனம்’ கணக்கில ஒரு ஓட்டை இருக்கு. 2025இல எங்கட ஊரிலதான் போட்டி. சுவிஸ் சார்பில சோயி மே பாடினவ. நடுவர் குடுத்தது 214. சனம் குடுத்தது பூச்சியம். சரியாத்தான் வாசிக்கிறியள், பூச்சியம். போட்டி நடத்தின நாடு, ஐரோப்பாவின்ர நடுவில, ஜெர்மனி பிரான்ஸ் இத்தாலி ஒஸ்திரியா நாலும் பக்கத்து வீடு. 2024இல நேமோ வெண்டு குடுத்த நாடும் இதுதான். பிரித்தானியாவுக்கும் 2024, 2025 இரண்டு வருசமும் சனத்திட்ட பூச்சியம். தூரத்து நாடு, பிறத்தியார் எண்டதால அவுஸ்திரேலியாவுக்கு வாக்கு விழேல்லை எண்டால் இதுகளுக்கு என்ன காரணம் சொல்லுவியள்?

என்ர அபிப்பிராயம்: வாக்குப் போடுறவன் இருபத்தைஞ்சு பாட்டைக் கேட்டுப்போட்டு மனசில நிண்ட ஒண்டு ரெண்டுக்குத்தான் போடுவான். பத்தாவதாப் பிடிச்ச பாட்டுக்கு ஒருத்தரும் போனை எடுக்கிறேல்லை. நடுவர்மார் எல்லாத்தையும் வரிசைப்படுத்த வேணும், அதால நல்லாப் பாடின ஆளுக்கு அங்க புள்ளி சேரும். அவுஸ்திரேலியா அனுப்புறது கனதரம் பிழையில்லாமல் பாடுற ஆக்களை. பிழையில்லாமல் பாடினால் மட்டும் சனம் போனை எடுக்காது.

அதிகாலை5மணி
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கேட் மில்லர்-ஹைட்கி 2019ல டெல் அவிவ்ல ஆடற கம்பத்து உச்சியில நின்னு ஓபரா குரல்ல பாடினாங்க. மக்கள் 131 குடுத்தாங்க. வித்தியாசமா ஏதாவது அனுப்பினா விழும். பிரச்சினை தேர்வுல இருக்கு, தூரத்துல இல்ல.

கிளாங்கார்
நடுவுல ஒரு சின்ன விஷயம். கை செபாஸ்டியன் பிறந்தது எங்க கிளாங்ல! தமிழங்க நிறைய இருக்கற ஊரு. 2015 வியன்னாவுல அவரு பாடினப்ப இங்க எத்தனை பேருக்குத் தெரியும்னு கேக்காதீங்க, எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். எஸ்.பி.எஸ். ஆசியாவுக்குன்னு தனியா ஒரு போட்டி நடத்தறதா ஒரு காலத்துல அறிவிச்சிச்சு, ஞாபகம் இருக்கா? அது வந்திருந்தா அவுஸ்திரேலியாவுக்கும் சொந்த இடம் கிடைச்சிருக்கும், மலேசியாவும் பாடியிருக்கும். கடைசில கைவிட்டுட்டாங்க. எனக்கு அதுலதான் வருத்தம்.

ஹோம்புஷ்வாசி
கிளாங்கார் சொல்லுறதுதான் என்ர பக்கம். பக்கத்தில இருக்கிற ஆசியாவை விட்டிட்டு, விடியக்காலமை அஞ்சு மணிக்கு ஐரோப்பாவைப் பாத்துக்கொண்டு இருக்கிறம்.

அதிகாலை5மணி
அதுக்கு யூரோவிஷனை விடணும்னு இல்லையே சார். அப்புறம் ‘மொழி நிகழ்ச்சி’ன்னு சொன்னீங்க. 2024ல எலக்ட்ரிக் ஃபீல்ட்ஸ் பாடின பாட்டுல யங்குனிட்ஜட்ஜரா மொழி வரிகள் இருந்தது. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மொழி ஒண்ணு யூரோவிஷன் மேடையில ஒலிச்சது அதுதான் முதல் தடவை. பல மொழிகளுக்காக ஆரம்பிச்ச நிறுவனம் செய்யவேண்டிய வேலை இதைவிட வேற என்ன?

ஹோம்புஷ்வாசி
அதை நான் குறை சொல்லேல்லை. நல்ல பாட்டு. ஆனால் அந்த மொழியை மால்மோவில மூண்டு நிமிசம் கேக்கப்பண்ணுறதுக்கும், இஞ்ச ஒவ்வொரு கிழமையும் கேக்கப்பண்ணுறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

ரைன்கரை
காசுக் கதை கதைக்கிறபடியால் இதையும் சொல்லுறன். பாசலில போட்டி நடத்த 3.75 கோடி பிராங் ஒதுக்கிறதோ இல்லையோ எண்டு 2024 நவம்பரில எங்களிட்ட வாக்கெடுப்பு வைச்சவை. அதுக்கு எதிரா ஒரு சின்னக் கட்சி கையெழுத்துச் சேர்த்தது. மூண்டில ரெண்டு பங்கு சனம் ஓம் எண்டு சொன்னது. அதுக்குப் பிறகு ஊரில முணுமுணுப்பு அடங்கியிட்டுது. வேண்டாமெண்டு நிண்ட என்ர பக்கத்துவீட்டுக்காரரே கொடி கட்டினவர்.

ஹோம்புஷ்வாசி
பாத்தியளோ! அங்க செலவழிக்க முதல் சனத்தைக் கேட்டிருக்கினம். இஞ்ச பாடப்போறது ஆரெண்டுகூட எங்களைக் கேக்கிறேல்லை. முந்தி கோல்ட் கோஸ்ட்டில ஒரு தெரிவுப்போட்டி வைச்சவை, 2019, 2020, 2022. நாங்களும் வாக்குப் போட்டம். இப்ப எஸ்.பி.எஸ். தானே உள்ளுக்குள்ள ஆளைத் தெரிவு செய்து அறிவிக்குது.

அதிகாலை5மணி
இதுல மட்டும் உங்களோட ஒத்துப்போறேன். 2023லிருந்து 2025 வரைக்கும் உள்ளுக்குள்ளயே தேர்ந்தெடுத்த மூணு வருஷத்துல இரண்டு முறை அரையிறுதியோட நின்னாச்சு. மக்கள் வாக்குல தப்பிக்க வேண்டிய பாட்டை இங்க உள்ள மக்கள்கிட்ட ஒருதடவைகூட சோதிச்சுப் பார்க்காம அனுப்பறோம்.

பவளமல்லி
வாயேஜரும் உள்ளுக்குள்ள தேர்ந்தெடுத்தவங்கதான். 2022 தேர்வுப்போட்டியில ஷெல்டன் ரைலிகிட்ட தோத்தவங்க! அந்தத் தேர்வுல மக்கள் ஓட்டுல முதல்ல வந்தது வாயேஜர், நடுவர் ஓட்டுதான் கவுத்துச்சு. அதனால நடுவர் இல்லாம வைக்கச் சொல்லுங்க, நானும் சேர்றேன்.

அதிகாலை5மணி
சரி, கோல்ட் கோஸ்ட் தேர்வைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எஸ்.பி.எஸ்.ஸுக்கு ஒரு கடிதம் எழுதறேன். ஹோம்புஷ் சார், கையெழுத்துப் போடுவீங்களா?

ஹோம்புஷ்வாசி
மாட்டன் தம்பி. தமிழ் நிகழ்ச்சிக்கு நேரத்தைக் கூட்டச் சொல்லி எழுதும், முதல் கையெழுத்து என்ரை.

பவளமல்லி
இரண்டையும் ஒரே கடிதத்துல எழுதினா?

ஹோம்புஷ்வாசி
தமிழ் நிகழ்ச்சி மேல இருக்கவேணும். யூரோவிஷன் கீழ, சின்ன எழுத்தில.